ஒரு குப்பி எச்சில்

“ஒரு குப்பி எச்சில் துப்புறதுக்கு உனக்கு என்னாண்ணா கேடு?”

ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! ஸ்வீட்லினுக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

அண்ணன் ரூபஸ் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். திருத்தணி மலைக்குப் போகணும் என்று தெலுங்கில் கேட்டு வந்தவரைப் பின்னால் நின்ற வண்டிக்கு அனுப்பிவிட்டான்.

சர்ச் ஹாலில் முகாம். குடிப்பழக்கம் பரம்பரையாக வருமா என்று எச்சிலை வைத்து ஆராய்ச்சி. இவர்கள் நைனா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். இப்போது ஸ்வீட்லின் மகன் சாம், காலேஜ் ரெண்டாம் வருஷம், அதே வாடையோடு வீட்டுக்கு வருகிறான். பெத்தவளுக்குப் பொறுக்குமா?

“கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரும் குடுத்தாதான் நம்ம குடும்பத்தைச் சேத்துக்குவாங்களாம். நான் குடுத்துட்டேன். நீ காலையிலேர்ந்து டிமிக்கி குடுத்துகினு இருக்கிற!”

“வேணாம்மா. விட்டுரு.”

“பேரு வெளிய வராது, வெறும் நம்பர்தான். அந்த விவரத்தை நாலு நாட்டு டாக்டருங்க சேர்ந்து பார்க்கிறாங்களாம். என் புள்ளைக்கு இல்லன்னாலும் இன்னொருத்தி புள்ளைக்காச்சும் ஒரு வழி பொறக்கும்ல?”

“ஆங், அதாம்மா நானும் சொல்றேன்...”

“என்னாத்த சொல்ற? பதினஞ்சு வருஷம் நைனாவைச் சாக்கடைலேர்ந்து தூக்கினு வந்து குளிப்பாட்டினியே, அதெல்லாம் ஊர் மெச்சவா? இன்னிக்கு அவரு ரத்தம்னு சொல்லிக்க வெக்கமா இருக்குதா? சீ, நீயெல்லாம் ஒரு புள்ளையா!”

இவள் மட்டும் என்ன வாழ்ந்தாளாம்? கல்யாணமாகி அரக்கோணம் போனவள், நைனா சாவுக்குத்தான் திரும்பி வந்தாள். கோபத்தில் அதெல்லாம் ஞாபகம் வருமா!

ரூபஸ் துணியை உதறி சீட்டுக்கடியில் வைத்தான். அவளை ஓரமாகக் கூட்டிப் போனான்.

“அந்த விவரத்தை நம்பித்தானே நாளைக்கு மருந்து கண்டுபிடிப்பாங்க? அதுல நான் பொய்யைக் கலக்கக் கூடாதும்மா.”

“என்னா பொய்?”

“உன்கிட்ட சொல்லவே மாட்டேன்னு அம்மாவுக்கு சத்தியம் பண்ணியிருந்தேன். நீ பொறக்கிறதுக்கு ஆறு வருஷம் முன்னாடி, நைனா என்னை அனாதை இல்லத்துலேர்ந்து எடுத்துகினு வந்து வளர்த்தாரு. அவரு ரத்தம் நீ ஒருத்திதான் ஸ்வீட்லின்.”