தலையாட்டி ஃபேன்

“பால்கனிக் கதவை நல்லாச் சாத்துங்க. துளி சத்தம் உள்ளே வந்தாலும் மாட்டிக்குவோம்!”

கணவனை அதட்டிவிட்டு, அவள் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்த எண்ணை அழுத்தினாள்.

“சொல்லும்மா. ட்ரெயினிங்ல சாப்பாட்டு இடைவேளையா?”

மாமியார்தான்.

“ஆமா அத்தை.” பொய்தான். கணவனும் அவளும் ஒரே இன்சூரன்ஸ் அலுவலகம். ‘ரெண்டு பேருக்கும் வெளியூர்ல நாலு நாள் ட்ரெயினிங்’ என்று கதை கட்டியவளும் அவள்தான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் தனியாக எங்குமே போனதில்லை என்று அவன் ஒரு மாதமாகக் கெஞ்சியதில் மனசு இளகிவிட்டது.

“முட்டி வலி எப்படி இருக்கு அத்தை? தனியா வேற இருக்கீங்க...”

“தனியா எங்கே இருக்கேன்? எதிர்வீட்டு டீச்சர்தான் கூடவே இருக்காங்களே. நீங்க அரக்கப்பரக்க ஓடி வராதீங்க. நல்லா இருந்து கத்துக்கிட்டு வாங்க.”

“என்ன அத்தை, ஒரே இரைச்சலா இருக்கு?”

“அதுவா...” அத்தை கொஞ்சம் தயங்கினார். “ஃபேனும்மா. நம்ம தலையாட்டி ஃபேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கிழட்டு டேபிள் ஃபேன் தலையைத் திருப்பும்போதெல்லாம் இரைச்சல் பக்கத்தில் வந்து வந்து விலகும். ‘அடுத்த மாசம் புதுசு வாங்கிடலாம் அத்தை’ என்று இரண்டு கோடையை ஓட்டியாகிவிட்டது. இப்போதும் அது உஸ்ஸென்று வந்தது, உஸ்ஸென்று போனது.

வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்துக் கணவன் சிரித்தான். “மாமியாரை நெனச்சு ஏங்குற மருமகளை இப்பத்தான் பாக்குறேன். என்னை ஒரு நாளாவது இப்படி நெனச்சிருக்கியா?”

“நீங்கதான் எந்நேரமும் கண்ணு முன்னாடியே நிக்கிறீங்களே!”

அவனுக்குத் தெரியாத ஒன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. இந்தக் கடற்கரை ஓட்டலை அவள் கண்டுபிடித்ததே அத்தையின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்துதான். செய்தித்தாள் விளம்பரம் ஒன்று, நாலாக மடித்து உள்ளே கிடந்தது. முப்பது வருடம் தபால் அலுவலகத்தில் ஸ்டாம்பு கிழித்த கை. ஓரம் ஓர் இம்மி கோணாமல் வெட்டியிருந்தார். பாவம், எவ்வளவு ஆசை இருந்தால் இப்படிப் பத்திரப்படுத்துவார்! அவளோ ஓட்டலின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு, துண்டை மறுபடி மடித்து வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வரவேற்பறைப் பெண் கொடுத்த கருத்து அட்டையோடு கடற்கரையில் உட்கார்ந்தாள். கடல்: அருமை. காபி: பாத்திரம் கழுவின தண்ணீர். கரை: கால் வைக்க இடமில்லாமல் சாய்வு நாற்காலிகள். அவற்றில் வெளிநாட்டுப் பயணிகள் இறாலாகச் சிவந்து கிடந்தார்கள். வந்த இடத்திலேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரர் ஒருவர், நாயைப் பிடித்துக்கொண்டு மீன்காரரிடம் உள்ளூர் மொழியில் சண்டையே போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிக் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. ‘யாருடன் வந்திருக்கிறீர்கள்? தனியாக / நண்பர்களுடன் / குடும்பத்துடன்.’

குடும்பத்துடன் என்று எப்படிக் குறிப்பாள்? சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக்காரப் பாட்டிக்கு, மகளோ மருமகளோ, ஐஸ்கிரீம் வழிந்த கன்னத்தைத் துடைத்துவிட்டாள். இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“என்னங்க, நான் அத்தைகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்.”

“ஏய், வேணாம்! அம்மா ஒரு மாசம் பேசாது!”

“பேசாட்டி பரவாயில்லை.” போனை எடுத்துவிட்டாள். இந்த முறை அலைச் சத்தத்தை மறைக்கவில்லை.

“அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. ட்ரெயினிங் எல்லாம் பொய். நீங்க கண்ணாடிக் கூட்டுல ஒரு விளம்பரம் வெட்டி வெச்சிருந்தீங்களே, அந்த ஓட்டல்லதான் நாங்க இருக்கோம். உங்க ஆசை தெரிஞ்சும் விட்டுட்டு வந்துட்டேன். திட்டணும்னா திட்டிடுங்க அத்தை.”

தலையாட்டி ஃபேனின் இரைச்சல் மட்டும் வந்து வந்து போனது. அத்தை அழுகிறாரோ என்று அவளுக்குப் பதறியது.

பிறகு, தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல, மிகச் சின்னதாக ஒரு குரல் வந்தது.

“நாங்க மூணாவது மாடிம்மா. நீங்க?”