இரண்டு அத்தியாயம் போதும்

தைரியநாதனுக்கும் அமலராணி டீச்சருக்கும் ஆவூர்க் கிறிஸ்தவக் கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிக்க வேண்டும்; மூன்றாவதையும் வாசித்துவிட்டால் தாலிதான்.

அவள் படிக்கக் கொடுத்திருந்த நாவலை நாற்காலியில் பொத்தென்று போட்டான் தைரியநாதன்.

"ரெண்டு அத்தியாயத்தோட மூடிட்டேன். புருசன் ஒண்ணு சொன்னா அவ ஒம்பது சொல்றா. இதெல்லாம் ஒரு கதையா?"

"போன தடவ குடுத்தது?"

"அதுல பொண்டாட்டி வேலைக்குப் போறா. தூ! அதையும் ரெண்டோட மூடிட்டேன்."

"பின்னால நல்லா வருமேங்க."

"மொத ரெண்டுலயே லட்சணம் தெரிஞ்சிரும். அதுக்கப்புறமும் படிக்கிறவ மடச்சி. டீச்சர் வேலைய விட்டுட்டுத்தானே வரப்போற? வா, எல்லாம் சொல்லித் தாரேன்."

அமலராணி நாவலை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் புதுச் சட்டையோடு முன்னால் நின்றான் தைரியநாதன். சாமியார் யார் யார் ஓலையையோ வாசித்தார். அவர்களுடையதை மட்டும் வாசிக்கவில்லை.

வெளியே வந்ததும் அவளிடம் பாய்ந்தான். "என்ன, சாமியாரு மறந்துட்டாரா?"

"நாந்தான் வாசிக்க வேணாம்னு சொல்லிட்டேன். ரெண்டுலயே தெரிஞ்சிருச்சுங்க. மூணாவதையும் வாசிக்கவிட நான் என்ன மடச்சியா?"