அதே கலர்

“போட்டோ எடிட்டிங் பண்ணணும், வீட்டுல இருந்தே வேலை பார்க்கணும். இவங்களுக்கு மலிவா ஒரு லேப்டாப் காட்டுங்கண்ணே,” என்றான் முகுந்தன்.

ஷாமினிக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த மாதம் கல்யாணம். வேலையை விட்டுவிடு என்று சொல்லாமல், அவள் தொழிலுக்கு வேண்டியதை வாங்கித் தருகிற மாப்பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவின் அந்த லேப்டாப் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். “இது மலிவு. அது கொஞ்சம் விலை கூட. ஆனா, கண்ணால பார்க்கிற கலர் அப்படியே வரும் பாஸ்.”

முகுந்தன் நிச்சயதார்த்தப் படத்தை இரண்டிலும் திறந்தான். திரையில் இருந்த ஷாமினியைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவளைப் பார்த்தான். மறுபடியும் திரையைப் பார்த்தான்.

“ரெண்டுலயும் முகம் கறுப்பாத்தானே தெரியுது?”

“ஸ்கிரீன்ல தப்பு இல்ல பாஸ்,” என்று கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“தெரியும்லா. மலிவானதையே போடுங்க.”

ஷாமினியிடம் திரும்பிச் சிரித்தான்.

“கல்யாணப் படம் ஒண்ணு விடாம உன் முகத்தை நீயே வீட்டுல உட்கார்ந்து வெள்ளையாக்கிடு. அதுக்குத்தானே வாங்கித் தர்றேன். ஸ்டூடியோவுல போய்ச் சொன்னா எனக்குத்தான் அசிங்கம்லா.”