ஈசாக் போட்ட கூடாரத் திட்டம்

பாறசாலையிலிருந்து பக்கத்து ஊரான களியக்காவிளை வரை கார் ஓட்டினாலே மறுநாள் முழுக்க ஓய்வெடுக்கும் ஈசாக், நியூசிலாந்தில் பதினான்கு நாள் வாடகை வேன் ஓட்டி, கூடாரத்தில் தங்கத் திட்டம் போட்டார்.

"ஹோட்டல் வாடகை நமக்குத் தாங்காது. கூடாரம்தான் லாபம்" என்றார்.

"சர்ச்சில முட்டு மடக்க முடியாம பெஞ்சில இருந்து ஜெபிக்கிற ஆளாக்கும் தரையில படுக்கப் போறது" என்றாள் மனைவி ராஜபாய். "செரி, எங்கெல்லாம் போறோம்?"

"முதல் நாள் டனீடன். ரெண்டாம் நாளும் டனீடன்தான்."

"மூணாம் நாளு?"

"அங்க பாக்கதுக்கு நெறைய உண்டு."

"பதினாலு நாளும் ஒரே ஊரில நிக்கதுக்கு வேன் எதுக்கு?"

ஈசாக் வரைபடத்தை அவசரமாக மடித்தார். அதில் கூடாரத்துக்காக அவர் வட்டமிட்டிருந்த இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி அஜிஷாவின் வீடு. சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று ஏழு வருடமாக அவர் பேசாமலிருக்கும் மகள்.

ராஜபாய் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"கூடாரம் வாங்காண்டாம். நீங்க இதைத்தான் செய்வியன்னு அவளுக்குத் தெரியும். உங்களுக்க முட்டுக்குத் தக்க ஒசரமா ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கா."