விட்டுப்போன மைசெல்ஃப்

“ஐ ஹேவ் கம் டு இன்ட்ரட்யூஸ்…” என்று சொல்லிவிட்டு, பெயிண்டர் மறுபடியும் அதே இடத்தில் நின்றார்.

“யாரை?” என்றாள் டீச்சர்.

ஜெராக்ஸ் கடை மாடியில் நடக்கும் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு அது. கூரியர்காரர், நர்ஸ், துணிக்கடைப் பெண் என்று இளவட்டங்கள் நிறைந்த இடத்தில் ஐம்பதைத் தாண்டியவர் அவர் ஒருவர்தான். வீடுகளுக்கு பெயின்ட் அடிக்கிறவர். எவ்வளவு தேய்த்தாலும் கடைசியாக அடித்த வீட்டின் நிறம் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதை பெஞ்சுக்கு அடியில் மறைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

தமிழில் ‘அறிமுகப்படுத்திக்கொள்ள’ என்று ஒரு ‘கொள்ள’ போட்டால் வேலை முடிந்தது, இங்கிலீஷிலோ ‘டு இன்ட்ரட்யூஸ்’ என்ற பிறகு ஆளையும் சொல்லியாக வேண்டும், மைசெல்ஃப் கட்டாயம் என்று டீச்சர் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கியிருந்தாள். நர்ஸ் ‘டு என்ஜாய் மைசெல்ஃப்’ சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டாள். பெயிண்டர் மட்டும் ஒவ்வொரு தடவையும் மைசெல்ஃபை முழுங்கினார்.

“எல்லாத்தையும் சொல்லிட்டு உங்களை மட்டும் விட்டுட்டு ஓடிடறீங்களே அண்ணே,” என்றாள் டீச்சர்.

வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் தலையைக் குனிந்தபடி, ஓடித்தான் பழக்கம் என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவமானத்தில் காது மடல்கூடச் சிவந்துவிட்டது.

டீச்சருக்குச் சுருக்கென்றது. வகுப்பு முடிந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஏன் இந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்று விசாரித்தாள்.

வெளிநாட்டிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார். ஹோட்டலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். படியில் இறங்கிக்கொண்டிருந்த கூரியர்காரர், “இன்டர்வியூவா அண்ணே? கலக்குங்க,” என்றார். பெயிண்டர் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“முன்னாடி நானே வேணாம்னு எழுதிக் குடுத்ததுதான் டீச்சர்,” என்றார், அவர்கள் தனியான பிறகு. “பொண்டாட்டி போய்ச் சேர்ந்த நேரம். இனிமே என்னால முடியாதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டேன். இப்ப அவங்களே தேடிக் கூப்பிடுறாங்க. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கிறதுன்னு தெரியல.”

துக்கத்தில் வேலையை உதறிவிட்டு வருவது உலகத்தில் நடக்காததா என்று டீச்சர் ஆறுதல் சொன்னாள். அவர் இன்னொரு வரி மட்டும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்: நான் நியாயம் பேச வரவில்லை. ‘ஐ டிட் நாட் கம் டு டிஃபெண்ட் மைசெல்ஃப்’ என்று அவள் எழுதிக் காட்டினாள். இன்டர்வியூவில் இதை யார் சொல்வார்கள் என்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பட்டது போதும் என்று அடக்கிக்கொண்டாள்.

எதிராளி திருப்பி ஏதாவது கேட்டுவிட்டால் விளங்காதே என்று அவர் கெஞ்சியதால், அவளும் ஹோட்டலுக்குக் கூடவே போனாள்.

வரவேற்பறை சோபாவின் விளிம்பில், கடையில் வைத்த மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், விழுந்துவிடுவார் போல் உட்கார்ந்திருந்தார் பெயிண்டர். கையில் ஒரு ஃபைல்கூட இல்லை. சர்டிபிகேட் எதுவும் கொண்டுவரவில்லையா என்று டீச்சர் பதறினாள்.

“காட்ட என்கிட்ட என்ன டீச்சர் இருக்கு? நான்தான் இருக்கேன்.”

லிஃப்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தளவு முடி, ஜீன்ஸ், தோளில் பை. இத்தனை சின்னப் பெண்ணா ஆள் எடுக்க வந்திருக்கிறாள் என்று டீச்சர் வியந்தாள். வந்தவள் உட்காரவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. பெயிண்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் எழுந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஐ ஹேவ் கம் டு இன்ட்ரட்யூஸ்…”

அதே இடம். கண் தரையை விட்டு எழவில்லை. டீச்சர் மெதுவாக அடியெடுத்துக் கொடுத்தாள். “மைசெல்ஃப்,” என்றார் அவர், செய்த குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி. அடுத்த வரியை ஆரம்பித்தார். ‘டிஃபெண்ட்’ வரைக்கும்கூடப் போக முடியவில்லை, குரல் உடைந்துவிட்டது. அத்தனை பேர் நடமாடும் இடத்தில் குழந்தை மாதிரி அழுதார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் டீச்சர். மனிதர் நல்லவர், வேலையில் கெட்டிக்காரர், கொஞ்சம் பதற்றம் அவ்வளவுதான் என்று தன் நல்ல இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் கையமர்த்தினாள். பெயிண்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் கையை இழுத்து, பெயின்ட் ஒட்டிய நகத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

“அழாதீங்க. நான் தமிழ் கத்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன், அப்பா.”