ஆயிரம் மீட்டருக்கு மேலே

மலையேற்றும் லிஃப்டிலிருந்து இறங்கியதும் ரொமானா முதலில் பார்த்தது தன் முழங்கால்களைத்தான்.

நடுங்கவில்லை.

இரண்டு குளிர்காலமாகக் குழந்தைகள் பனியில் சறுக்கும் மேட்டில், ஐந்து வயதுப் பொடிசுகளுக்கு நடுவே, அனா ஆவன்னாவிலிருந்து மறுபடி பழகிய கால்கள். பலகையைக் குறுக்கே திருப்பு, நில், மூச்சு விடு, மறுபடி திருப்பு. பதினாறு வருஷம் மலை வழிகாட்டியாக இருந்தவளுக்கா இந்தத் தலையெழுத்து என்று ஊரே உச்சுக்கொட்டியது.

இந்தப் பருவத்திலாவது ஆளைக் கூட்டிக்கொண்டு மேலே போகாவிட்டால் வழிகாட்டிச் சின்னத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று சறுக்குப் பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் லின்ஸ் நகரத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. பாதிரி இடுக்குப் பனிச்சரிவில் இறங்க வேண்டும். ரொமானாதான் வர வேண்டும், வேறு யாரும் வேண்டாம். இப்படிக்கு, ஏகோன்.

தன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார் ஒருவர்! அவள் நாலு தரம் படித்தாள். பாதிரி இடுக்கு என்ற சொல் வந்த இடத்தில் மட்டும் கண்ணை வேகமாக ஓட்டிவிட்டாள்.

லிஃப்ட்காரன் லுயிஸ் தன் கூண்டிலிருந்து தலையை நீட்டினான்.

"அடி ரொமானா! பலகையோட இரும்பு ஓரமெல்லாம் துருப்பிடிச்சுக் கெடந்துச்சே, தீட்டினியா இல்லையா? அண்ணே, இவள நம்பியா நீ வந்திருக்கே?"

"நீங்க உங்க வேலையப் பாருங்க," என்றார் அவளுக்குப் பின்னால் இறங்கிய ஏகோன்.

லுயிஸின் சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரம் மீட்டருக்கு மேலே 'நீங்க' கிடையாது. கீழே நீதிபதியாக இருக்கட்டும், பிஷப்பாக இருக்கட்டும், மேலே வந்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான்.

"மலை மேல வந்து நீங்கன்னு பேசறவன் ஒண்ணு போலீஸ்காரன், இல்ல பகையாளி," என்று அவள் காதோடு சொல்லிவிட்டு லுயிஸ் உள்ளே போனான்.

பட்டணத்து மனுஷன், பழக்கம் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று ரொமானா நினைத்துக்கொண்டாள்.

வழக்கப்படி தன் மார்பிலும் அவர் மார்பிலும் கட்டியிருந்த தேடுகருவியைச் சோதித்தாள். பனிக்குள் புதைந்தவன் எங்கே கிடக்கிறான் என்று காட்டிக்கொடுப்பது அதுதான். இரண்டிலும் பொத்தான் 'அனுப்பு' என்பதில் இருந்தது. ஆள் புதைந்த பிறகுதான் மற்றவர்கள் அதை 'தேடு' என்பதற்கு மாற்றுவார்கள்.

பனிச்சரிவு எச்சரிக்கைப் பலகையில் மூன்று என்று போட்டிருந்தது. ஐந்துக்கு மூன்று. மூன்றுக்கெல்லாம் பயந்தால் இந்த மலையில் பிழைப்பு நடத்த முடியாது.

அந்த விபத்து நடந்த அன்றைக்கும் மூன்றுதான்.

அன்றைக்கு அவளோடு வந்தவன் பெயர் வாலண்டின். இருபத்து மூன்று வயது. பாதிரி இடுக்கின் வாயில் நிற்கச் சொன்னேன், கேட்காமல் முந்திக்கொண்டு இறங்கினான் என்று இன்ஸ்ப்ருக் நகர விசாரணையில் அவள் எழுதிக் கொடுத்தாள். பனி உடைந்து அவனை வாரிக்கொண்டு போய்விட்டது. பாவம், அதைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து இவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது என்று ஊர் சொன்னது.

பாறை விளிம்பை ஒட்டி அரை மணி நேரம் போனார்கள். அறுபது வயதுக்கு ஏகோன் நன்றாகவே சறுக்கினார். ஆனால் ஒரு தடவைகூட அவளைத் தாண்டிப் போகவில்லை.

காற்று சுத்தமாக நின்றுவிட்டது.

இடுக்கின் வாய் வந்தது. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பனி செங்குத்தாக இறங்கியது. ஒரு தடம்கூட இல்லை.

ரொமானா முழங்கால்களைப் பார்த்தாள். இப்போதும் நடுங்கவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்பாடா, ஜெயித்தாயிற்று!

அப்போது காலுக்கடியில் பனி 'வும்' என்று உட்கார்ந்தது.

மெத்தையில் யாரோ பொத்தென்று உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே ஒரு அடுக்கு உடைந்துவிட்டது. மேலே இருப்பது எந்த நிமிஷமும் கிளம்பலாம்.

திரும்பினால் சின்னம் போச்சு. போகட்டும். இந்த முறை ஓர் உயிரை வைத்து விளையாட அவளுக்கு மனசில்லை.

"கேட்டியா அந்தச் சத்தத்த? எறங்க வேண்டாம், திரும்பிடலாம்," என்றாள். குரல் தெளிவாகத்தான் வந்தது.

ஏகோன் அசையவில்லை.

"அன்னிக்கும் கேட்டுச்சா?"

அவள் பலகையை வந்த வழிப் பக்கம் திருப்பினாள்.

"வாலண்டின் என் பையன். அவன் எதுக்குமே முந்தமாட்டான். சாப்பாட்டு மேசைக்குக்கூடக் கடைசியாத்தான் வருவான்." அவர் கையுறையைக் கழற்றினார். "இந்தத் தடவ நீ முன்னால போ."

'நீ' என்றார். அன்று முதன்முறையாக.

ரொமானாவின் முழங்கால்கள் நடுங்க ஆரம்பித்தன. வாலண்டினோடு வந்த அன்றைக்குக் காலையிலும் இதே இடத்தில் அப்படித்தான் நடுங்கின, பனி உடைவதற்கு முன்னாலேயே. அந்தச் சத்தம் கேட்ட உடனேயே. அவன் தயங்கித் தயங்கிப் பின்னால் நின்றான். நீ முன்னால போ, நான் பாத்துக்கறேன் என்று அவனிடம் சொன்னது அவள்தான்.

ஏகோன் மார்பிலிருந்த கருவியைக் கையில் எடுத்து, பொத்தானைத் 'தேடு' என்பதற்குத் திருப்பினார்.

அவள் நெஞ்சிலிருந்து போன சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு அது விட்டு விட்டுக் கத்தத் தொடங்கியது.