நான்கு சிவப்புப் பகடைகள்

யூட்டாவின் உப்புவெளியில் வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கிறது. லோர்னாவின் தாடைக்கு அடியில்கூடத் தோல் சிவந்திருக்கிறது. மூன்று வருடம் பாடுபட்டுக் கட்டிய அவளுடைய பந்தயக் கார், முதல் ஓட்டத்துக்கு முந்தைய பரிசோதனை வரிசையில் நிற்கிறது. பரிசோதகர் ஹாஸ்கெல் சக்கரத்தருகே குந்தி, காற்று வால்வின் மூடியை நகத்தால் தட்டுகிறார். பகடை வடிவத்தில் சிவப்புப் பிளாஸ்டிக். "இது ஆகாதும்மா. உலோக மூடி போட்டுட்டு வா. பன்னெண்டு மணிக்கு வரிசையை மூடிடுவோம்." லோர்னா தம்பி டுவைட்டின் பக்கம் திரும்புகிறாள். "ராசியா இருக்கட்டும்னு நான்தான் மாத்தினேன்க்கா. வெறும் மூடிதானே?" அவள் குரலை உயர்த்தவில்லை, அதனாலேயே அவன் ஓரடி பின்வாங்குகிறான். "இருநூறு மைல் வேகத்துல சக்கரம் சுத்துறப்போ, வால்வுக்குள்ள இருக்கிற ஊசி டயர் பக்கமாத் தள்ளப்பட்டு வால்வு தானாத் திறந்துக்கும். அப்போ காத்தைப் பிடிச்சு வைக்கிறது இந்த மூடி ஒண்ணுதான். உள்ள உக்காரப்போறது யாரு, நீயா? பழசு எங்க?" "வீட்ல. மேஜை மேல."

வீடு முந்நூறு மைலுக்கு அப்பால். லோர்னா, காரை இழுத்துவந்த டுவைட்டின் பழைய பிக்கப் வண்டியருகே மண்டியிடுகிறாள். அதன் சக்கரங்களில் கறுத்துப்போன பித்தளை மூடிகள். கொதிக்கும் உலோகம் விரல் நுனியைச் சுடுகிறது, முழங்காலில் உப்பு குத்துகிறது. டுவைட் உதவக் குனிகிறான். "தொடாத," என்கிறாள் லோர்னா. நான்கையும் கழற்றிக் காரில் திருகி முடிக்கிறாள். ஹாஸ்கெல் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துத் தாளில் கையெழுத்திடுகிறார். அவள் பகடைகளைத் தம்பியின் உள்ளங்கையில் கொட்டுகிறாள். "போய் உன் வண்டிக்கு மாட்டு. அது எழுபதைத் தாண்டாது."